குளம் வெட்டியவர்களும் கடன் கொடுப்பவர்களும்

மழை பொய்த்தால் நஷ்டம் யாருடையது? மேல்கோட்டை மலையில் இதற்கு ஒரு பழைய பதில் இருக்கிறது. மும்பையின் கணக்குப் புத்தகங்களில் அதற்கு இன்னும் இடம் கிடைக்கவில்லை.

மேல்கோட்டையைத் தமிழர்களுக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. வைணவர்களுக்கு அது ராமானுஜர் பல ஆண்டுகள் தங்கிய திருநாராயணபுரம். சாப்பாட்டுப் பிரியர்களுக்குப் புளியோதரை. சினிமா ரசிகர்களுக்கு 1991-ல் வெளிவந்த 'தளபதி'யின் படப்பிடிப்பு நடந்த ஊர். மண்டயம் ஐயங்கார்களின் தமிழைத் தேடி மொழி ஆராய்ச்சியாளர்களும் இந்தப் பக்கம் வருவதுண்டு. ஆனால் பொருளாதாரம் படித்தவர்கள் வேலை நிமித்தமாக மேல்கோட்டைக்குப் போவதாகத் தெரியவில்லை. போக வேண்டும். வறட்சியைச் சமாளிக்கும் முதலீடு என்றால் என்ன என்பதைக் கல்லில் கட்டி வைத்திருக்கும் ஊர் அது.

மைசூரிலிருந்து சுமார் 50 கி.மீ. தூரம். 1939 வரை மைசூர் மாவட்டத்தில் இருந்தது. அந்த ஆண்டு பிரிக்கப்பட்ட மண்டியா மாவட்டத்தில் இப்போது பாண்டவபுர வட்டத்தைச் சேர்ந்தது. ஊர் இருப்பது பாறை மலை மேல். பக்கத்தில் ஆறு கிடையாது. காவிரி கீழே தொலைவில் ஓடுகிறது. மாவட்டத்தின் சராசரி மழை ஆண்டுக்குச் சுமார் 700 மில்லிமீட்டர்தான். இப்படிப்பட்ட இடத்தில் ஒரு பெரிய கோயிலும், அதைச் சுற்றி ஊரும், ஆண்டுதோறும் வைரமுடி உற்சவத்துக்கு வந்து குவியும் கூட்டமும் எண்ணூறு, தொள்ளாயிரம் ஆண்டுகளாக எப்படித் தாக்குப்பிடித்தன?

குளங்களால். படிக்கட்டுகளும் மண்டபங்களும் சூழ்ந்த கல்யாணியை எல்லோரும் பார்த்திருப்பார்கள். அதைத் தவிர மலையெங்கும் சின்னதும் பெரியதுமாகக் குளங்கள். மொத்தம் 108 என்பது ஊர் வழக்கு. அக்கா தங்கி குளம் என்று ஒட்டினாற்போல் இரண்டு இருக்கின்றன. ஒன்றின் தண்ணீர் குடிக்க உதவும், மற்றது உதவாது என்று அதற்கொரு கதையும் சொல்வார்கள். 108 என்பது பக்திக் கணக்காக இருக்கலாம். ஆனால் பாறை மேல் விழும் மழையைத் துளி வீணாக்காமல் பிடிக்க வேண்டும் என்பது பக்தி அல்ல, கெட்டிக்காரத்தனம். ஒரே பெரிய குளத்தை நம்பாமல் பல குளங்களில் பிரித்து வைத்தது அதைவிடக் கெட்டிக்காரத்தனம். முதலீட்டாளர்களுக்கு இன்று பணம் வாங்கிக்கொண்டு சொல்லப்படும் முதல் புத்திமதியும் இதுதான்.

மலைக்குக் கீழே தொண்டனூர் ஏரி இருக்கிறது. ராமானுஜர் காலத்தில் உருவானது என்பது வழிவழி வரும் நம்பிக்கை. இரண்டு குன்றுகளுக்கு நடுவே கரை போட்டு, ஓடி வரும் நீரைத் தடுத்த ஏரி. மோதி தாலாப், அதாவது முத்து ஏரி என்று இன்னொரு பெயரும் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் நடந்த போர்களில், எதிரிக்குத் தண்ணீர் கிடைக்கக் கூடாதென்று திப்பு சுல்தான் கரையை உடைத்ததாக வரலாறு. 1800-ல் மைசூர் நாட்டைச் சுற்றி வந்த ஃபிரான்சிஸ் புக்கானன் இந்த ஏரியைப் பற்றி எழுதி வைத்தார். உடைந்த கரை செப்பனிடப்பட்டது. ஏரி இன்றும் வயல்களுக்குப் பாய்கிறது. ஆட்சிகள் பல மாறியும் ஒரு சொத்து பலன் கொடுத்துக்கொண்டே இருக்கிறது என்றால், அதை யாரோ விடாமல் பராமரித்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

யார் பராமரித்தார்கள், எந்தப் பணத்தில் என்பதுதான் முக்கியம். ஏரி வெட்டுவது ஒரு நாள் புகழ். தூர் வாருவது ஆண்டுதோறும் செலவு. முதல் காரியத்துக்கு ராஜாக்கள் கிடைப்பார்கள், இரண்டாவதற்கு யாரும் முன்வர மாட்டார்கள். பழங்காலத்தவர்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. கன்னட நாட்டுக் கல்வெட்டுகளில் கொடகி என்ற சொல் திரும்பத் திரும்ப வருகிறது. ஏரியைக் கட்டியவருக்கு அல்லது காப்பவருக்கு அந்த ஏரிக்குக் கீழேயே விட்டுக் கொடுத்த நிலம் அது. ஏரி நிரம்பினால்தான் அந்த நிலம் விளையும். எனவே கரையில் ஓட்டை விழுந்தால் முதலில் பதறுபவர் அவராகத்தான் இருப்பார். எந்த மேற்பார்வை அதிகாரியும் தேவைப்படாத ஏற்பாடு.

நம் பக்கமும் இதே கதைதான். உத்திரமேரூரில் பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஏரி வாரியம் என்று ஒரு குழு இருந்தது. ஏரிக்கென்று நிலமும் பொன்னும் ஒதுக்கி, பொன்னின் வட்டியில் தூர் வாரச் செய்ததைச் சோழர் காலக் கல்வெட்டுகள் சொல்கின்றன. திருப்பதி இன்னும் ஒரு படி மேலே போனது. 15, 16-ஆம் நூற்றாண்டுகளில் நைவேத்தியக் கட்டளைக்கென்று பக்தர்கள் கொடுத்த பணத்தைக் கோயில் நிர்வாகம் பெட்டியில் பூட்டி வைக்கவில்லை. தன் கிராமங்களில் ஏரியும் கால்வாயும் வெட்டச் செலவிட்டது. விளைச்சல் கூடியது, கூடிய விளைச்சலில் கட்டளை நடந்தது. அமெரிக்க வரலாற்றாசிரியர் பர்ட்டன் ஸ்டைன் 1960-ல் இதை ஆராய்ந்து எழுதினார். பெருமாளுக்கும் நைவேத்தியம் தவறவில்லை, விவசாயிக்கும் தண்ணீர் தவறவில்லை. 'நிலைத்த நிதி' என்று இன்று மாநாடு கூட்டிப் பேசும் விஷயத்தை இதைவிடச் சுருக்கமாக விளக்க முடியாது.

பழைய காலம் பொற்காலம் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. கொடகி நிலம் யாருக்குப் போனது, தூர் வாரக் கூடை சுமந்தது யார் என்று கேட்டால் சாதியும் கட்டாய உழைப்பும் வெளியே வரும். பெரும் பஞ்சத்தையும் அந்த ஏரிகள் தடுத்துவிடவில்லை. 1876-78 பஞ்சத்தில் மைசூர் சமஸ்தானம் சுமார் 10 லட்சம் உயிர்களைப் பறிகொடுத்தது. ஐந்தில் ஒருவர். கஜானாவும் காலியானது. 1881-ல் ஆங்கிலேயர்கள் ஆட்சியை உடையார்களிடம் திருப்பிக் கொடுத்தபோது, கூடவே பஞ்சம் விட்டுப்போன 80 லட்சம் ரூபாய்க் கடனையும் கொடுத்தார்கள். மழை பொய்த்தால் விவசாயி மட்டுமல்ல, ஒரு அரசே கடனாளியாகும் என்பதற்கு மைசூரைவிட நல்ல உதாரணம் இல்லை.

அந்தப் பயத்தில் பிறந்தவைதான் பிற்காலத்துப் பெரிய பாசனத் திட்டங்கள். விஸ்வேஸ்வரய்யாவின் முயற்சியில் 1911-ல் தொடங்கிய கிருஷ்ணராஜ சாகர் அணை, மண்டியாவின் மேட்டு நிலங்களுக்குக் கால்வாய் கொண்டுவந்தது. 1933-ல் மண்டியாவில் சர்க்கரை ஆலை வந்தது. கேழ்வரகு பூமி கரும்பு பூமியானது. பணம் வந்தது, பள்ளிக்கூடம் வந்தது, அரசியல் செல்வாக்கும் வந்தது. மேல்கோட்டை போன்ற மேட்டு ஊர்கள் மட்டும் பெரிதும் மழையையே பார்த்துக்கொண்டிருந்தன. கால்வாய் ஊர்களோ ஒரே அணையையும் ஒரே பயிரையும் நம்பத் தொடங்கின. மழையும் விலையும் ஆலையும் சேர்ந்து காலை வாரிய 2015-ல், மண்டியாக் கரும்பு விவசாயிகளின் தற்கொலைகள் நாடெங்கும் செய்தியாயின.

அதற்குப் பிறகு மழையின் போக்கு இன்னும் மோசமாகிவிட்டது. 2022-ல் கொட்டித் தீர்த்தது; பெங்களூர்-மைசூர் நெடுஞ்சாலையே ராமநகரம் அருகே தண்ணீரில் மூழ்கியது. 2023-ல் காய்ந்தது, கர்நாடகத்தின் 236 வட்டங்களில் 223 வறட்சிப் பகுதிகளாக அறிவிக்கப்பட்டன. 2024 ஜூலையில் கிருஷ்ணராஜ சாகர் மறுபடியும் நிரம்பியது. 2025-ல் ஜூன் முடிவதற்குள்ளேயே நிரம்பிவிட்டது. சராசரி எடுத்தால் எல்லாம் சரியாக இருப்பது போலத் தெரியும். சராசரி மழையில் யாரும் விவசாயம் செய்வதில்லை.

இந்த ஏற்ற இறக்கத்தின் செலவு எங்கே போய்ச் சேருகிறது என்று பாருங்கள். விவசாயி கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க் கடன் வாங்குகிறார். கர்நாடகத்தில் வட்டி இல்லை; 2023-ல் இதற்கான உச்சவரம்பு 3 லட்சத்திலிருந்து 5 லட்சமாக உயர்ந்தது. ஆனால் தவணை தேதிக்குள் கட்டினால்தான் இந்தச் சலுகை. மழை தேதி பார்த்துப் பெய்வதில்லை. பயிர் போனால் சலுகையும் போகிறது. அதாவது, வறட்சி வந்த ஆண்டில்தான் கடனின் விலை ஏறுகிறது. பயிர்ச்சேதம் 33 சதவீதத்துக்கு மேல் போனால் கடனைத் திருத்தி நீட்டிக்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2018-ல் தொகுத்த விதிகளில் உண்டு. நீட்டிக்கப்பட்ட கடனும் கடன்தான். அடுத்த ஆண்டு புதுக் கடனோடு பழையதும் சேர்ந்து நிற்கும்.

நிவாரணம்? 2023 வறட்சியில் சுமார் 48 லட்சம் ஹெக்டேர் பயிர் பாழானதாகக் கணக்கிட்ட கர்நாடக அரசு மத்திய அரசிடம் கேட்டது 18,171 கோடி ரூபாய். 2024 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட் வரை போன பிறகு, ஏப்ரல் கடைசியில் கிடைத்தது 3,454 கோடி. கேட்டது அதிகமா, கொடுத்தது குறைவா என்ற சண்டை தனி. எனக்கு முக்கியமாகப் படுவது தேதி. வறட்சி அறிவித்தது செப்டம்பரில். டெல்லிப் பணம் வந்தது ஏழு மாதம் கழித்து. இடையில் மாநில அரசு ஆளுக்கு 2,000 ரூபாய் வரை இடைக்கால நிவாரணம் கொடுத்தது. மீதி நாட்களை நகைக் கடையும் வட்டிக்காரரும் பார்த்துக்கொண்டார்கள்.

தாமதம் விதியல்ல. கரீபியன் கடல் தீவு நாடுகள் 2007-ல் கூட்டாக ஒரு இன்ஷூரன்ஸ் நிதி ஏற்படுத்தின. புயல் எவ்வளவு வேகம், மழை எத்தனை அங்குலம் என்ற அளவு முன்கூட்டி ஒப்புக்கொண்ட எல்லையைத் தாண்டினால் 14 நாட்களுக்குள் பணம். சேதத்தை எண்ண யாரும் வர வேண்டியதில்லை. இந்தியாவில் 2021-ல் நாகாலாந்து இதே மாதிரியான ஏற்பாட்டைச் சோதித்துப் பார்த்தது. கர்நாடகத்துக்கு இது ஒன்றும் கஷ்டமே இல்லை. மாநில இயற்கைப் பேரிடர் கண்காணிப்பு மையம், கிராமப் பஞ்சாயத்து அளவில் மழைமானிகளை வைத்திருக்கிறது. எந்தப் பஞ்சாயத்தில் எத்தனை நாள் மழை இல்லை என்பது அரசுக்கு அன்றன்றே தெரியும். தெரிந்த பிறகும் ஏழு மாதம் என்றால் குறை மழைமானியில் இல்லை.

பயிர் இன்ஷூரன்ஸ் இல்லையா என்று கேட்கலாம். 2016 முதல் பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. காரீப் பருவத்துக்கு விவசாயி கட்டுவது 2 சதவீதம்தான். மீதி பிரீமியம் அரசுகளுடையது. ஆனால் இழப்பீட்டை முடிவு செய்வது விவசாயியின் சொந்த வயல் அல்ல, அவர் பகுதியின் சராசரி மகசூல். பகுதிக்குள் ஏரிப் பாசனம் உள்ளவர் விளைவித்துவிட்டால், பக்கத்து மேட்டு நிலக்காரர் காய்ந்தாலும் சராசரி அவரைக் காப்பாற்றாது. தவிர, இன்ஷூரன்ஸ் நஷ்டத்தைப் பங்கு போடும், குறைக்காது. வறட்சி அடிக்கடி வந்தால் பிரீமியம் ஏறும். பிரீமியத்தைக் குறைக்க ஒரே வழி வயலில் ஈரத்தைக் கூட்டுவது. மறுபடியும் குளத்துக்கே வந்து சேருகிறோம்.

இங்கேதான் வங்கிகளின் கணக்கு வேடிக்கையாக இருக்கிறது. ஒரு விவசாயி ஆழ்துளைக் கிணறு போடப் பணம் கேட்டால், அடமானம் வைக்க அவருக்கு நிலம் இருக்கிறது, கடன் கிடைக்கும். ஏரியைத் தூர் வார ஊரே சேர்ந்து வந்து கேட்டாலும் யார் பெயரில் கடன் எழுதுவது, எதை அடமானம் வைப்பது? ஏரி எல்லோருடையது, எனவே வங்கிக்கு அது யாருடையதும் அல்ல. கிணறுகள் பெருகும், ஏரி மேடாகும். ஏரி மேடானால் நிலத்தடி நீர் இறங்கும், கிணறு வற்றும், போர் போட வாங்கிய கடன் மட்டும் வற்றாது. வங்கியின் கடன் திரும்புமா என்பதைத் தீர்மானிக்கிற சொத்து, அந்த வங்கியின் எந்தப் பேரேட்டிலும் இல்லை.

பணமே ஒதுக்கப்படவில்லை என்று சொல்வது நியாயமாகாது. நபார்டு வங்கி 1995 முதல் கிராமப்புற உள்கட்டமைப்பு நிதி மூலம் மாநில அரசுகளுக்குச் சிறு பாசனத்துக்கும் கடன் கொடுத்து வருகிறது. உலக வங்கி உதவியுடன் கர்நாடகம் 2002-ல் ஏரிகளை ஊர் மக்களிடமே ஒப்படைக்கும் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. 2022-ல் மத்திய அரசு மாவட்டத்துக்கு 75 குளம் என்று அமிர்த சரோவர் திட்டம் அறிவித்தது. பதினைந்தாவது நிதிக் கமிஷன் 2021-26 காலத்துக்கான பேரிடர் நிதியில் 20 சதவீதத்தைத் தடுப்பு வேலைகளுக்கென்று தனியாகப் பிரித்தது; இது நல்ல மாற்றம். ஆனால் பெரும்பாலும் வெட்டுவதற்குத்தான் பணம். திறப்பு விழா முடிந்த பத்தாவது ஆண்டில் மதகுக்கு எண்ணெய் போட யார் சம்பளம் வாங்குகிறார் என்ற கேள்விக்குப் பழைய கொடகிக்காரர் போல ஒரு பதில் இன்று இல்லை.

மும்பையில் இப்போது சீதோஷ்ண மாற்றம் பற்றிய பேச்சுக்குக் குறைவில்லை. ரிசர்வ் வங்கி 2021-ல் உலக மத்திய வங்கிகளின் பசுமைக் கூட்டமைப்பில் சேர்ந்தது. 2024 பிப்ரவரியில், சீதோஷ்ண அபாயத்தை வங்கிகள் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று வரைவு விதிகளை வெளியிட்டது. 2030 வரை ஆண்டுதோறும் மொத்த உற்பத்தியில் குறைந்தது 2.5 சதவீதம் பசுமை முதலீடு தேவை என்று 2023-ல் அதன் அறிக்கை மதிப்பிட்டது. 2023 ஜனவரி, பிப்ரவரியில் மத்திய அரசு முதன்முதலாகப் பசுமைப் பத்திரங்கள் விற்று 16,000 கோடி ரூபாய் திரட்டியது. அதில் பெரும் பகுதி மின்சார ரயில் எஞ்சின்கள், மெட்ரோ ரயில் போன்றவற்றுக்குப் போனது. ரயிலும் வேண்டியதுதான். ரயிலுக்கு டிக்கெட் வருமானம் உண்டு. எத்தனை டன் புகை குறைந்தது என்று எண்ணிக் காட்டலாம். குளம் எத்தனை தற்கொலையைத் தடுத்தது என்று எண்ணிக் காட்ட முடியாது. எண்ண முடியாததற்குப் பணம் கிடைப்பதில்லை.

இது கர்நாடக விவகாரம் என்று தமிழ்நாட்டில் இருப்பவர்கள் நினைத்துவிட வேண்டாம். 2023-ல் மண்டியாவில் வறட்சி. அதே ஆண்டு ஜூன் 12-ல் திறந்த மேட்டூர் அணையை அக்டோபர் 10-ல் மூட வேண்டி வந்தது. டெல்டாவில் குறுவை கருகியது. ஹெக்டேருக்கு 13,500 ரூபாய் நிவாரணம் அறிவிக்கப்பட்டது. மண்டியாவில் பந்த், தஞ்சாவூரில் மறியல். இரண்டு பக்கமும் ஏமாந்தது ஒரே மேகத்தை நம்பி. 2018 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் தமிழ்நாட்டுக்கு 177.25 டி.எம்.சி. என்று தீர்த்தது நல்ல மழை பெய்யும் ஆண்டின் கணக்கு. மழை குறைந்தால் நஷ்டத்தை எப்படிப் பங்கிடுவது என்பதற்கு இரண்டு மாநிலமும் மனதார ஒப்புக்கொண்ட சூத்திரம் இல்லை. அப்படி ஒன்று மழைக் காலத்துக்கு முன்பே எழுதி வைக்கப்பட்டால், அது பிரீமியம் இல்லாத இன்ஷூரன்ஸ். எந்த விவசாயி நாற்று விடலாம், யார் உளுந்துக்கு மாறலாம் என்பது ஜூன் மாதத்திலேயே தெரியும்.

பயிர் மாற்றமும் இதில் அடக்கம். பழைய மைசூர்க் கிராமங்களில் ஹகேவு என்று ஒரு நிலக்குழி உண்டு. கேழ்வரகைப் பூச்சி அரிக்காது என்பதால் குழியில் கொட்டி மூடி, பல ஆண்டுகள் வைத்திருப்பார்கள். நல்ல ஆண்டின் மிச்சம் கெட்ட ஆண்டுக்கு. கரும்பை அப்படிக் குழியில் வைக்க முடியாது. வெட்டிய அன்றே ஆலை வாசலில் நிற்க வேண்டும். நாட்டிலேயே அதிகமாகக் கேழ்வரகு விளைவிக்கும் மாநிலம் கர்நாடகம். கேழ்வரகுக்குக் கொள்முதல் உறுதியும், அதைப் பயிரிடுபவருக்குக் கடனில் ஒரு சலுகையும் கொடுத்தால், அது கருணை அல்ல. வங்கி தன் முதலைக் காப்பாற்றிக்கொள்ளும் வழி.

மண்டியா மாவட்டத்திலேயே இதற்கு ஒரு மனிதர் உதாரணமாக இருந்தார். மளவள்ளி வட்டம் தாசனதொட்டியைச் சேர்ந்த காமேகௌடா ஆடு மேய்ப்பவர். மலையில் ஆட்டுக்கும் பறவைக்கும் தண்ணீர் இல்லை என்று குளம் வெட்டத் தொடங்கினார். ஆடுகளை விற்றார், வெட்டினார். விருதுப் பணம் வந்தது. அதையும் மண்ணிலேயே போட்டார். அவர் 16 குளங்கள் வெட்டியதைப் பிரதமர் 2020 ஜூனில் தன் வானொலிப் பேச்சில் குறிப்பிட்டார். 2022 அக்டோபரில் காமேகௌடா காலமானார். பாராட்டு கிடைத்தது, பத்திரிகையில் படம் வந்தது. ஆனால் யோசித்துப் பாருங்கள்: ஒரு மாவட்டத்தின் நீர்ச் சேமிப்புக்கு முதல் போட்டது ஒரு ஆடு மேய்ப்பவரின் மந்தை. அது அவருக்குப் பெருமை. மற்றவர்களுக்கு அல்ல.

செய்யக்கூடியது பெரிய காரியம் இல்லை. 1969 முதல் நாட்டில் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு முன்னோடி வங்கி என்ற ஏற்பாடு உண்டு. ஆண்டுதோறும் மாவட்டக் கடன் திட்டம் தயாராகிறது. பயிருக்கு இவ்வளவு, பால் மாட்டுக்கு இவ்வளவு, சிறு தொழிலுக்கு இவ்வளவு என்று அட்டவணை இருக்கும். அதில் ஏரி, குளம் என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். பஞ்சாயத்தின் பெயரில் ஒரு பராமரிப்பு வைப்பு நிதி. பேரிடர்த் தடுப்பு நிதியிலிருந்து ஒரு பங்கு, அந்தப் பகுதியில் கடன் கொடுத்திருக்கும் வங்கிகளிடமிருந்து ஒரு பங்கு, பாசனம் பெறுபவர்களிடமிருந்து கொஞ்சம். முதலைத் தொடக் கூடாது, வட்டியில் ஆண்டுதோறும் தூர் வார வேண்டும். ஏரி நிரம்பும் ஊரில் பயிர்க் கடன் வாராக் கடனாவது குறைகிறதா என்று ஐந்து ஆண்டு கணக்குப் பார்க்கட்டும். குறைந்தால், அடுத்த வட்டத்துக்குப் போகட்டும்.

1990-ல் ஒரு கடன் தள்ளுபடி, 2008-ல் ஒன்று, கர்நாடகத்தில் 2018-ல் மற்றொன்று. ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கான கோடி. அந்தப் பணத்தில் ஒரு சிறு பகுதி கல்வெட்டுக் காலத்து முறைப்படி ஏரிகளின் பெயரில் போடப்பட்டிருந்தால், அடுத்த தள்ளுபடிக்கு அவ்வளவு தேவை வந்திருக்காது. அடுத்த வறட்சி எந்த ஆண்டு என்று யாராலும் சொல்ல முடியாது. வரும் என்பதை மட்டும் எல்லோராலும் சொல்ல முடியும். மண்டியா மாவட்டத்தின் அடுத்த கடன் திட்டத்தில் அந்த ஒரு வரி இருக்கிறதா என்று பார்ப்போம்.